கொழுந்துக்கும் சவர்க்காரத்துக்கும் ஒரே வழி

சம்பளத்துக்கு மறுநாள் ஹட்டன் பசாருக்குப் போகிறோம். அரிசி, மாவு, சீனி எல்லாம் வாங்கி முடிந்ததும் ஒரு லக்ஸ் சவர்க்காரம், மகள் கேட்டாளே என்று சின்னதாக ஒரு பொண்ட்ஸ் கிரீம். இரண்டும் யூனிலீவர் கம்பனிச் சாமான்கள். இதுக்கும் நம்ம கொழுந்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. லிப்டன் தேயிலையும் 2022 வரை அதே கம்பனியின் கையில்தான் இருந்தது. அந்த வருஷம் ஒரு முதலீட்டுக் கம்பனிக்கு விற்றுவிட்டார்கள். ஆனால் இரண்டு சரக்கும் வரும் வழி இன்றும் ஒரே மாதிரிதான்.

சவர்க்காரத்துக்கு எண்ணெய் வேண்டும். அதில் பெரும்பங்கு முள்ளுத்தேங்காய் எண்ணெய். இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் தொழிலாளர் குலை வெட்டுகிறார்கள். வெட்டிய குலையை ஒரு நாளைக்குள் ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் கெட்டுவிடும். நம்ம கொழுந்தும் அப்படித்தானே, சாக்கில் கிடந்தால் சூடேறிச் சிவந்துபோகும். ஆலையில் பல தோட்டத்துக் குலைகள் ஒன்றாகக் கலக்கின்றன. அங்கிருந்து சுத்திகரிப்பு, பிறகு கப்பல், பிறகு சவர்க்காரத் தொழிற்சாலை. எந்தத் தோட்டத்து எண்ணெய் என்று அங்கே யாராலும் சொல்ல முடியாது.

காட்டை அழித்து நட்ட தோட்டத்து எண்ணெயா இது என்று வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். 2018இல் யூனிலீவர் தனக்கு எண்ணெய் வரும் ஆலைகளின் பெயர்களை வெளியிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள்! ஆலை வரைக்கும் பெயர் தெரிந்துவிட்டது. குலை வெட்டியவர் வரைக்கும் போவதுதான் கஷ்டம்.

இனி நம்ம பக்கம் வருவோம். மடுவத்தில் நிறுத்த கொழுந்து லொறியில் ஸ்டோருக்குப் போகிறது. ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ கொழுந்து வரை வேண்டும். தூளை ரகம் பிரித்துச் சாக்கில் கட்டி, தோட்டத்து மார்க்கும் இன்வொய்ஸ் நம்பரும் போடுகிறார்கள். பிறகு கொழும்பு ஏலம். 1883இல் தொடங்கிய அந்த ஏலம் 2020 முதல் கம்பியூட்டர் வழியாக நடக்கிறது. வாங்கிய கம்பனி பல தோட்டத்துத் தூளைக் கலந்து பெட்டியில் அடைக்கிறது. தோட்டத்துப் பெயர் அந்தக் கலவையில் மறைந்துபோகும். நம்பர் மாத்திரம் காகிதத்தில் நிற்கும்.

அந்த நம்பருக்கு எப்போது வேலை? பிழை வந்தால்தான். 2017 டிசம்பரில் ஒரு சரக்கில் கப்ரா வண்டு இருந்ததென்று ரஷ்யா இலங்கைத் தேயிலையையே நிறுத்தியது. மாதக் கடைசியில் தடை நீங்கினாலும் நாடே பதறிப்போனது. புல்லுக்கு அடித்த மருந்து தூளில் தங்கினாலும் இதே கதை. நம்பரைப் பிடித்துக்கொண்டு ஸ்டோர், திகதி, மலை என்று பின்னோக்கி வருவார்கள். பிழை மலை வரைக்கும் திரும்பி வருகிறது. நல்ல விலை மட்டும் அப்படி இறங்கி வருவதில்லை என்பதை நாம் சொல்லத்தான் வேண்டும்.

சில பெட்டிகளில் பச்சைத் தவளைப் படம் பார்த்திருப்பீங்க. அது ரெயின்போரஸ்ட் அலையன்ஸ் சான்றிதழ். லிப்டன் தேயிலைக்கு இதை எடுக்கப்போவதாக யூனிலீவர் 2007இல் அறிவித்தது. இந்தச் சான்றிதழ் எடுத்த தோட்டங்களுக்கு வெளியிலிருந்து பரிசோதகர் வருவார். ஆபீஸ் புத்தகத்தோடு விடமாட்டார், தொழிலாளரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். மருந்து அடிக்கிறவருக்குக் கையுறை உண்டா, முறைப்பாடு சொல்ல வழி உண்டா என்று கேட்பார். துரை பக்கத்தில் இருக்கும்போது பேசப் பயமாக இருந்தால், தனியாகப் பேசவேண்டும் என்று கேட்கலாம். அது தப்பில்லை.

இந்த நீளமான கணக்கில் முதல் வரி எழுதப்படுவது மடுவத் தராசில். ஈரத்துக்கென்று, சாக்குக்கென்று கிலோ கழிப்பதாக நமக்குக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. “எத்தனை கிலோ கழிச்சாங்க?” என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. பிள்ளையின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்று போதும். திகதி, மலை நம்பர், காலை நிறுவை, பகல் நிறுவை, மாலை நிறுவை, கழித்த கிலோ. எழுத வராதவங்க இரவில் பிள்ளையிடம் சொல்லி எழுதிக்கொள்ளலாம். செக்ரோலோடு ஒரு மாதம் ஒப்பிட்டுப் பாருங்க. வித்தியாசம் இருந்தால் கொப்பியோடு தலைவரிடம் போங்க. பரிசோதகர் வரும் நாளிலும் அதைக் கையில் வைத்திருங்க.