நாளை புறப்படலாம் என்றிருந்த ஸஹாபி

ஹிஜ்ரி 9-ல் நபி (ஸல்) அவர்கள் தபூக்கிற்கு அழைத்தபோது கடும் வெயில். மதீனாவிலோ பழங்கள் கனிந்து, நிழல் இதமாக இருந்த நேரம்.

கஅப் பின் மாலிக் (ரலி) அவர்கள் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வசதி இருந்தது, இரண்டு வாகன ஒட்டகங்களும் இருந்தன. ஆயத்தம் செய்யக் காலையில் போவார், ஒன்றும் செய்யாமல் திரும்புவார். நினைத்தால் முடியும் என்ற தைரியம்தான் அவரை நிறுத்தியது. (நம் கழாத் தொழுகைகளும் ஜகாத் கணக்கும், கையில் கைபேசியுடன், 'இஷாவுக்குப் பிறகு' என்று நிற்பது இப்படித்தானே?) படை போய்விட்டது. பின்னால் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று நினைத்தார், அதுவும் நடக்கவில்லை. தெருவில் இறங்கினால் நயவஞ்சகர்களும் இயலாதவர்களுமே கண்ணில் பட்டார்கள். அது அவரை வாட்டியது.

நபியவர்கள் திரும்பியதும் சாக்குச் சொல்லாமல் உண்மையைச் சொன்னார். ஐம்பது நாட்கள் முஸ்லிம்கள் யாரும் அவரிடம் பேசவில்லை. அதன் பிறகே அவரது தவ்பா ஏற்கப்பட்டது; அத்தவ்பா அத்தியாயம் 118-வது வசனம் அதைச் சொல்கிறது.