"விக்குது, ஆனா காசு நிக்கல"

இட்லி மாவு அரைத்து விற்பவர், பிளவுஸ் தைப்பவர், பொடி பாக்கெட் போடுபவர், கேக் செய்து கொடுப்பவர் என்று வீட்டிலிருந்தே தொழில் பார்க்கும் பெண்களிடம் பேசினால் இந்தத் தலைப்பு வாக்கியம் அடிக்கடி காதில் விழும். சொல்லும்போதே தங்களைக் குற்றம் சொல்லிக்கொள்வார்கள். எனக்குச் சாமர்த்தியம் போதாது, எனக்குக் கைராசி இல்லை என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் தூக்கத்தைக் கெடுப்பதில் கடனுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, கடனையும் தொழிலையும் பற்றி ஊரில் உலவும் தவறான நம்பிக்கைகளுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

"வீட்டுல இருந்தே பண்றோம், செலவு என்ன செலவு?"

கடை வாடகை இல்லை, ஆள் சம்பளம் இல்லை, சரி. அதனால் செலவே இல்லை என்பது தவறு. மாவு வியாபாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியும் உளுந்தும் வீட்டு மளிகை லிஸ்டோடு சேர்ந்து வருகின்றன. கிரைண்டர் வீட்டு மீட்டரில் ஓடுகிறது. தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்குக் கணக்கிடும் விகிதமும் மாறிவிடும். கிரைண்டரும் இரண்டாவது பிரிட்ஜும் உங்களை அந்தக் கோட்டைத் தாண்ட வைத்தால், பில்லில் ஏறும் தொகை முழுக்க மாவின் செலவு. யாரும் அதை மாவு விலையில் சேர்ப்பதில்லை. மிஞ்சிய மாவு வீட்டு இட்லிக்குப் போகிறது. விற்ற காசு ஜிபேயில் வந்து விழும் அதே கணக்கிலிருந்துதான் பையனின் டியூஷன் பீஸும் கேஸ் சிலிண்டரும் போகின்றன. மாதக் கடைசியில் மாவில் எவ்வளவு மிஞ்சியது என்று கேட்டால் பதில் இருக்காது.

இந்தப் பதில் இல்லாத நிலைதான் மனசை அரிக்கிறது. நட்டம் என்று தெளிவாகத் தெரிந்தால்கூட விலையை ஏற்றலாம், அந்த ஐட்டத்தை நிறுத்தலாம். தெரியாதபோது பயப்படத்தான் முடியும். ஆகவே தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு, அதற்குத் தனி கியூஆர் அட்டை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு எடுக்கும் பணத்தை மாதம் ஒரு நாள், ஒரே தொகையாக, சம்பளம் எடுப்பதுபோல எடுங்கள். பால் கணக்கைக் காலண்டரில் குறித்து வைக்கத் தெரிந்த எவருக்கும் இது முடியும்.

"ஆர்டர் கூடினா கஷ்டம் தீந்துடும்"

இது பலரைக் கவிழ்த்த நம்பிக்கை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கடைக்காரர் 50 கிலோ சாம்பார் பொடி கேட்கிறார். மிளகாய், மல்லி, பருப்பு, மில் கூலி, கவர், ஆட்டோ எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 300 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். 400க்குக் கொடுக்கிறீர்கள். போட்டது 15,000, வர வேண்டியது 20,000. லாபம் 5,000. ஆனால் கடைக்காரர் 60 நாள் கழித்துத்தான் பணம் தருவார். பொடி நன்றாகப் போகிறது என்று 15 நாளுக்கு ஒருமுறை அதே அளவு கேட்கிறார். முதல் பணம் கைக்கு வரும்போது நான்கு ஆர்டர் போயிருக்கும். 60,000 ரூபாய் உங்கள் பணம் வெளியே நிற்கும். நோட்டில் லாபம் 20,000. பெட்டியில் ஒன்றும் இல்லை. ஆர்டர் கூடக் கூட இந்த இடைவெளியும் கூடும். தொழில் நன்றாக நடப்பதாலேயே வரும் நெருக்கடி இது. சாமர்த்தியக் குறைவு அல்ல. பாதிப் பணம் முன்பணமாகத் தராத பெரிய ஆர்டரை வேண்டாம் என்று சொல்வதும் வியாபாரம்தான்.

"நூத்துக்குப் பதினஞ்சுதானே வட்டி?"

அந்த 15,000 எங்கிருந்து வரும்? நிறையப் பேருக்குத் தண்டலில் இருந்து. 20,000 ரூபாய் தண்டல் என்றால் 3,000 பிடித்துக்கொண்டு 17,000 கையில் கொடுப்பார்கள். தினம் 200 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கேட்பதற்கு நூற்றுக்குப் பதினைந்து. வங்கியில் பன்னிரண்டு, இங்கே பதினைந்து, மூன்றுதானே கூடுதல் என்று மனசு சமாதானம் சொல்லிக்கொள்ளும்.

வங்கி சொல்வது ஒரு வருஷத்துக்கு. இங்கே பதினைந்து பிடிப்பது 100 நாளுக்கு. அதுவும் 20,000க்குக் கணக்கிட்டது. கையில் வந்ததோ 17,000. அந்த 17,000மும் 100 நாள் உங்களிடம் இருப்பதில்லை. மறுநாளே 200 திரும்பிப் போகிறது, 50ஆம் நாளில் 10,000 போயிருக்கும். சராசரியாகப் பார்த்தால் பாதித் தொகையைத்தான் நீங்கள் பயன்படுத்துகிறீர்கள். வட்டி முழுத் தொகைக்கும் போயிருக்கிறது. முறையாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 120 சதவீதம் வரும். ஊரில் அநியாயம் என்று பேசப்படும் இரண்டு ரூபாய் வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம்தான்.

இப்போது பொடிக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். கடைக்காரர் 60ஆம் நாள் தருவார். தண்டல்காரர் மறுநாள் காலையிலேயே வாசலில் நிற்பார். கடைப் பணம் வருவதற்குள் 12,000 ரூபாய் கட்டியாக வேண்டும். அது வீட்டுச் செலவிலிருந்து போகும், இல்லையென்றால் இன்னொரு தண்டலிலிருந்து. 5,000 லாபத்தில் 3,000 வட்டிக்கே போய்விட்டது. இரண்டு மாதம் அடுப்பில் நின்று வறுத்தவருக்கு மிச்சம் 2,000.

தண்டல் வாங்குபவர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. காகிதம் கேட்காமல் பத்து நிமிஷத்தில் பணம் வாசலுக்கு வருகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும் இரவில் வேறு எது வரும்? ஆனால் சட்டம் யார் பக்கம் என்பது தெரிந்திருக்க வேண்டும். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடுக்கும் தமிழ்நாடு அதீத வட்டித் தடைச் சட்டம் 2003இல் வந்தது. கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கினாய் என்று மிரட்டுபவருக்கு அந்தக் கையெழுத்து கேடயம் ஆகாது.

தொழில் ஓரளவு நிலைத்தவர்கள் முத்ரா கடனைக் கேட்கலாம். சிசு வகையில் 50,000 ரூபாய் வரை, ஈடு கேட்காமல் தரப்படுவது. இங்கேயும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு: அரசாங்கக் காசு, திருப்பிக் கட்ட வேண்டாம் என்பது. முத்ரா மானியம் இல்லை, வங்கிக் கடன்தான். வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்பவர் யாராக இருந்தாலும் அவர் வழியில் போக வேண்டாம்.

"பாக்கியைக் கேட்டா வாடிக்கை போயிடும்"

சில பேர் போவார்கள். பணம் தராத வாடிக்கை போவதால் நட்டமில்லை. இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, பதிவு செய்த குறு அல்லது சிறு தொழில்முனைவோரிடம் சரக்கு வாங்கிய நிறுவனம், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். ஒப்பந்தம் ஏதும் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வருமான வரிச் சட்டத்திலும் 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் ஒரு முடிச்சுப் போட்டது: குறித்த காலத்துக்குள் தராத பாக்கியை, கட்டும் வரை வாங்கியவர் தன் செலவாகக் காட்ட முடியாது. எனவே உங்கள் 20,000 ரூபாய் அவருடைய ஆடிட்டருக்கும் கவலை தரும்.

இதற்குக் குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு வேண்டும். பதிவு செய்தால் வரி கட்ட வேண்டும் என்று பயந்து ஒதுங்குபவர்கள் அதிகம். உத்யம் பதிவால் மட்டும் எந்த வரியும் வராது. இணையத்தில் ஆதாரை வைத்துச் செய்வது, கட்டணம் கிடையாது. ஒரு வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள்: சொந்தமாகத் தயாரிப்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான் இந்தப் பாக்கிப் பாதுகாப்பு. புடவை வாங்கி விற்பவருக்கு இது பொருந்தாது.

ஒவ்வொரு முறையும் சட்டத்தைக் கையில் எடுக்கச் சொல்லவில்லை. தேதி போட்ட பில், அதன் அடியில் "45 நாளுக்குள்" என்ற ஒரு வரி, உத்யம் எண் இவை இருந்தாலே பேச்சின் தொனி மாறும். "அண்ணே, பில் தேதி தாண்டிடுச்சு" என்று கேட்பது பிச்சை கேட்பது ஆகாது.

"தவணை தவறப் போவுதுன்னா பேங்க் பக்கமே போகாதே"

தையல் தொழிலில் ஆவணியும் தையும் நிற்க நேரமில்லாத மாதங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, மெஷின் சும்மா கிடக்கும். தவணைக்கு ஆடி என்ன, ஆவணி என்ன? ஐந்தாம் தேதி வந்து நிற்கும். வருஷா வருஷம் வருவது தெரிந்திருந்தும் அந்த இரண்டு மாதங்களுக்கு ஆவணியிலேயே ஒதுக்கி வைப்பவர்கள் குறைவு.

ஒதுக்க முடியாமல் போனால் ஒளிந்துகொள்வது கூடாது. பணம் இல்லாத கணக்கில் தவணை திரும்பினால் ஒவ்வொரு முறையும் அபராதம் விழும். 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் அது வாராக்கடன் கணக்குக்குப் போய்விடும். அதற்கு முன்பே போய், கையில் ஆர்டர் நோட்டோடு உட்கார்ந்து, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்ட முடியுமா என்று கேட்கலாம். வங்கி அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் முன்கூட்டி வருபவரிடம் மேலாளர் பேசும் பேச்சு வேறு, மூன்று மாதம் போனை எடுக்காதவரிடம் பேசும் பேச்சு வேறு.

குழுக்கடன் வசூலுக்கு வருபவர்கள் எப்போது வேண்டுமானாலும் வாசலில் உட்காரலாம் என்பதும் பொய். 2022இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த நுண்கடன் விதிகளின்படி காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அழைத்துத் தொந்தரவு செய்யக் கூடாது. மிரட்டலும் கெட்ட வார்த்தையும் கூடாது. ஒரு குடும்பத்தின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் தரவும் கூடாது. மூன்று குழுவில் தவணை ஓடும்போது நான்காவது கடனோடு வருபவரிடம் இதைக் கேளுங்கள். 2025இல் தமிழ்நாடு அரசும் கட்டாய வசூலுக்கு எதிராகத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதில் சிறைத் தண்டனை உண்டு.

"புத்தி இருந்தா இப்படி மாட்டுவாங்களா?"

என்னை அதிகம் வருத்துவது இந்த வாக்கியம். சொந்தக்காரர்கள் சொல்வார்கள், சில நாளில் நமக்கு நாமே சொல்லிக்கொள்வோம்.

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் கரும்பு விவசாயிகளிடம் செய்த ஓர் ஆய்வு 2013இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வர் செய்தது. 54 கிராமங்கள், 464 விவசாயிகள். கரும்புப் பணம் மொத்தமாக வருவது அறுவடைக்குப் பிறகு. அதற்கு முந்தைய மாதங்களில் கை இறுகிவிடும், அடகுக் கடைக்கு நடக்க வேண்டியிருக்கும். ஒரே விவசாயிக்கு, அறுவடைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும், யோசித்து விடை சொல்லும் சோதனை வைத்தார்கள். பணம் வந்த பிறகு நன்றாகச் செய்தவரே, பணமில்லாத மாதங்களில் அதே சோதனையில் தடுமாறினார். ஆள் மாறவில்லை, படிப்பு மாறவில்லை. கவலை அவர் யோசனையின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த முடிவுகளை மற்ற ஆய்வாளர்கள் கேள்வி கேட்டதும் உண்டு. ஆனாலும் தவணை நாளுக்கு முந்தைய ராத்திரி, கொடுக்க வேண்டிய ஜாக்கெட்டின் கழுத்தளவை இரண்டு முறை தப்பாக வெட்டிய எந்தத் தையல்காரருக்கும் அவர்கள் சொல்வது விளங்கும்.

அதனால்தான் முடிவுகளை மனசில் வைத்திருக்கக் கூடாது, தாளுக்கு இறக்க வேண்டும். யாருக்கு, எவ்வளவு மீதி, தவணை எந்தத் தேதி, வட்டி ஆண்டுக்கு எத்தனை சதவீதம்: ஒரு தாளில் இந்த நாலு கட்டம் போதும். பெரும்பாலோர் யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில் கொடுக்கிறார்கள். எல்லாருக்கும் குறைந்தபட்சத் தவணை போனபிறகு மிஞ்சும் ரூபாய், அதிக வட்டிக் கடனுக்குப் போக வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் செயலியில் கடன் வாங்குவதில்லை என்று பகலிலேயே முடிவெடுத்துவிடுங்கள். போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும் கடன் செயலி ரிசர்வ் வங்கியின் விதியை மீறுகிறது, அங்கேயே அழித்துவிடுங்கள்.

அந்தத் தாளை வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள். கணவரிடம் முடியவில்லையென்றால் அக்காவிடம், வளர்ந்த மகளிடம். சொன்னால் மானம் போகும் என்று மூடி வைத்த கடன், வசூலுக்கு வருபவர் வாயால் தெருவுக்குத் தெரியும்போது இரட்டிப்பாக வலிக்கும். கேட்பவருக்கும் ஒரு வார்த்தை: முதல் பத்து நிமிஷம் "ஏன் வாங்கின?" என்று கேட்காதீர்கள். அடுத்த தவணை என்றைக்கு என்று கேளுங்கள்.

தூக்கம் போய், சோறு இறங்காமல், இனி வாழ்ந்து என்ன என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அது கடன் பிரச்சினை என்பதைத் தாண்டிவிட்டது. மைய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104லும் பேசலாம். கடன் கதையிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம். அழுகையிலிருந்து தொடங்கினாலும் கேட்பார்கள்.