குளிர்ப் பிரதேசத்தில் வீட்டு மிளகாய்

கல்லங்குறிச்சியில் மிளகாய் விதை பத்து நாளில் முளைத்துவிடும். அதையே உதகமண்டலத்துத் தரையில் இட்டு, முளை காணாவிடில் நம்மவர் விதையைப் பழிப்பர். குற்றம் விதையினுடையதன்று, 2,200 மீட்டருக்கு மேற்பட்ட அவ்வூரின் குளிரே காரணம். மிளகாய் நன்கு முளைப்பதற்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் உஷ்ணம் வேண்டும்.

ஆகையால் அங்கு விதையைச் சட்டியிலிட்டு அடுப்பங்கரையில் வைத்தலே உத்தமம். முளை கண்ட அன்றே வெயில் படும் ஜன்னலுக்கு மாற்றுக. தாமதித்தால் நாற்று வெளிறி நீண்டு சாயும். பலர் இழப்பது இவ்விடத்தில்தான். மேல்மண் காய்ந்த பின்னரே நீர் விடவேண்டும். இரவுக் குளிரில் பூ உதிருமாதலால் மாலையில் சட்டியை உள்ளே எடுத்து வைக்க. வீட்டினுள் காற்றோ தேனீயோ இல்லை. பூங்கொத்தை விரலால் மெல்லத் தட்டினால் காய் பிடிக்கும். உறைபனி படாமற் காத்த செடி மறுவருஷமும் காய்க்கும்.