பட்டியலில் வந்த பெண்ணுக்குப் பாதீட்டில் என்ன பேச்சு?

“கிருலப்பனைக்கு வேலை செய்ய வட்டார உறுப்பினர் இருக்கிறார். கட்சியின் மேலதிகப் பட்டியலில் வந்த பெண்கள் கதிரையை நிரப்பத்தான்.”

இது தவறு. கொழும்பு மாநகர சபையில் இருவரின் வாக்குக்கும் பெறுமதி ஒன்றே. 2025 டிசம்பரில் மேயர் விராய் கெலி பல்தசார் சமர்ப்பித்த பாதீட்டுக்கு ஆதரவாக 57 வாக்கும் எதிராக 60 வாக்கும் விழுந்தன. மொத்தம் 117 உறுப்பினர்கள். வித்தியாசம் மூன்றே வாக்கு. அதே மாத இறுதியில் திரும்ப எடுத்தபோது இரண்டு மேலதிக வாக்கால் நிறைவேறியது. ஒழுங்கை வடிகான், தெருவிளக்கு, குப்பை அகற்றல், தாய் சேய் நல நிலையம் எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்கும் ஆவணம் அது. இவ்வளவு நெருங்கிய எண்ணிக்கையில் எந்த உறுப்பினரையும் அலங்காரம் என்று ஒதுக்க முடியாது. பட்டியல் உறுப்பினரிடம் நம் ஒழுங்கைப் பிரச்சினையைக் கொண்டுபோகத் தயங்குவதால் நட்டம் நமக்குத்தான்.

“பெண்களுக்கு 25 வீதம் கிடைத்துவிட்டதே, இனி என்ன குறை?”

பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்கிய 2016 சட்டத் திருத்தத்தின்படி முதல் தேர்தல் 2018இல் நடந்தது. அதற்கு முன் நாட்டின் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் 2 வீதம்கூட இல்லை. ஆகவே இது பெரிய மாற்றம், போராடிப் பெற்றது. ஆனால் அந்த 25 வீதம் சபை உறுப்புரிமைக்கு மட்டுமே. நிதி நிலையியற் குழுவில் எத்தனை பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. செலவு விவரங்களைத் துருவிப் பார்க்கும் இடம் குழுதான். அங்கே இல்லாதவருக்குச் சபையில் கிடைப்பது முடிந்துபோன தாள். குழுக்களுக்கும் இந்த ஒதுக்கீடு நீள வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

“பெண் மேயர் வந்தார், போதும்.” பல்தசாருக்கு முன்பே 2018இல் ரோசி சேனாநாயக்கவும் மேயராக வந்தார். மேயர் சமர்ப்பிக்கும் பாதீடும் சபையில் தோற்கலாம். மேலே சொன்ன எண்களே அதற்குச் சாட்சி.

“பெண்களுக்கு இது புதுசு, கணக்கு வழக்குப் பழக வேண்டும்.” டாக்டர் மேரி இரத்தினம் இதே மாநகர சபைக்கு பம்பலப்பிட்டியிலிருந்து தெரிவானது 1937இல்.

நிதிக் குழுவில் யார் யார், கிருலப்பனை வட்டாரத்துக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்பதை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். சோலைவரி கட்டும் வீட்டுக்காரராக இருக்க வேண்டியதில்லை. வாடகைக்கு இருக்கும் பிரஜையும் கேட்கலாம். தருவதா இல்லையா என்று தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.