முதல் மாரத்தான் ஓட்டத்திற்கு ஆயத்தம்

'எறும்பூரக் கல்லும் தேயும்' என்பது நம் முன்னோர் வாக்கு. முதன்முறையாக மாரத்தான் ஓட விரும்புவோர்க்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை எனலாம்.

மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். 1896-ல் ஏதென்ஸ் நகரில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் இது சுமார் 40 கிலோமீட்டராக இருந்தது. 1908-ல் லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரமே 1921-ல் நிலையான அளவாயிற்று. ஆயினும் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இவ்வோட்டம் 1984-ல்தான் கிடைத்தது. இத்தனை தூரத்தைப் பெண்ணுடல் தாங்காது என்று பலர் கூறிவந்ததே காரணம். அவ்வாண்டு லாஸ் ஏஞ்சல்ஸில், கடும் வெயிலில், 50 பெண்கள் ஓடத் தொடங்கினர். 44 பேர் ஓடி முடித்தனர். அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் முதலாவதாக வந்தார்.

இவ்வளவு தூரத்தை உடல் எவ்வாறு தாங்குகிறது? நாம் உண்ணும் சோறு, இட்லி முதலியவற்றிலுள்ள மாவுச்சத்து, கிளைகோஜனாக மாறித் தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படுகிறது. இச்சேமிப்பு ஏறக்குறைய 500 கிராம்தான். பலருக்கு 30 கிலோமீட்டர் அளவில் இது தீரத் தொடங்கும். கால்கள் இரும்பாய்க் கனக்கும். கொழுப்பிலிருந்தும் சக்தி கிடைக்கும், ஆனால் மெதுவாகவே கிடைக்கும். பல மாதங்கள் பயிற்சி செய்தால், தசைகள் கிளைகோஜனை மிகுதியாகச் சேமிக்கவும் கொழுப்பை நன்கு பயன்படுத்தவும் பழகுகின்றன.

ஆயத்தம் செய்யும் முறையைப் பார்ப்போம். ஏற்கெனவே ஓடிப் பழகியவர்களும் நான்கு மாதமாவது பயிற்சி பெற வேண்டும். வாரம் ஒருநாள் நீண்ட ஓட்டம், மற்ற சில நாட்களில் சிறிய ஓட்டம், இடையே ஓய்வு. மூச்சு வாங்காமல் தோழியுடன் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகமே போதும். தூரத்தைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். ஏனெனில் இதயமும் நுரையீரலும் விரைவில் பழகிவிடும்; எலும்பும் தசைநாணும் உறுதிபெற அதிக நாளாகும். நீண்ட ஓட்டம் 30 கிலோமீட்டரை எட்டியபின், கடைசி இரண்டு மூன்று வாரங்களில் பயிற்சியைக் குறைத்து உடலைத் தேற்ற வேண்டும். போட்டியன்று புதிய காலணியோ பழகாத உணவோ கூடாது. தண்ணீர் குடியாமல் ஓடுவது தவறு. அளவுக்கு மீறிக் குடிப்பதும் இரத்தத்தில் உப்பைக் குறைத்து ஆபத்து விளைவிக்கும். பெண்களாகிய நமக்கு இரும்புச்சத்து மிக அவசியம். கீரை, பயறு வகைகளுடன் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் அது உடலில் நன்கு சேரும்.

"உனக்கு இன்னும் வயதாகவில்லை" என்று பெற்றோர் கூறினால் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். முழு மாரத்தானில் பெரும்பாலும் 18 வயது நிறைந்தவர்களையே சேர்க்கின்றனர். வளரும் எலும்புக்கு அந்தப் பொறுமை நல்லது. ஆனால் "பெண் பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு?" என்று யாரேனும் கேட்டால், அந்த 44 பெண்களே தக்க பதில். பதினைந்து வயதில் நமக்கு வேண்டியது பள்ளி மைதானமும், வாரத்தில் சில மாலை வேளைகளும், வீட்டாரின் அனுமதியுமே. தோழியரே, இன்று மைதானத்தை நான்கு சுற்று சுற்றுவோம். அடுத்த மாதம் ஐந்தாக்குவோம். நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.