வானத்தை எவ்வளவு கறுக்க வேண்டும்?

நம்பிக்கை: ஃபில்டர் எவ்வளவு கருமையோ, வானம் அவ்வளவு அழகு.

உண்மை: மேல்பாதி கறுத்தும் கீழ்ப்பாதி தெளிந்தும் இருக்கும் கிராஜுவேட்டட் என்.டி. ஃபில்டருக்கு ஒரே வேலைதான்: வானத்துக்கும் தரைக்கும் உள்ள வெளிச்ச இடைவெளியைக் குறைப்பது. அளந்த பிறகே வாங்குங்கள். ஸ்பாட் மீட்டர் வானத்துக்கு 1/500 வினாடியும் தரைக்கு 1/30 வினாடியும் காட்டினால் இடைவெளி 4 ஸ்டாப். அதில் 2 அல்லது 3 குறைத்தால் போதும், ஏனென்றால் நம் கண்ணுக்கும் வானம்தானே பிரகாசம்! ஃபில்டரில் 0.3 என்றிருந்தால் 1 ஸ்டாப், 0.6 என்றால் 2, 0.9 என்றால் 3. ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒளி பாதியாகும்.

பெங்களூரின் தொம்மலூரிலிருந்து விடியலில் அல்சூர் ஏரிக்குப் போகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். நீரில் விழும் பிம்பம் அசல் வானத்தைவிட மங்கலாகவே இருக்கும். வானத்தை அளவுக்கு மீறி அழுத்தினால் ஏரி வானத்தைவிடப் பளிச்சென்று நிற்கும். காரணம் தெரியாதவர்கூட ஏதோ சரியில்லை என்பார்.

நம்பிக்கை: ஹார்டு ஃபில்டர்தான் தேர்ந்தவர்களுக்கு.

உண்மை: ஹார்டு ஃபில்டரில் கருமை சட்டென்று முடியும். அது கடலுக்கும் சமவெளிக்கும் ஏற்றது. தொம்மலூரில் நேர்கோட்டு அடிவானம் எங்கே இருக்கிறது? தமிழ்க் கல்வெட்டுகள் கொண்ட சொக்கப்பெருமாள் கோயிலின் விமானம், தென்னை, மேம்பாலம், அடுக்குமாடி எல்லாம் வானத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அங்கே ஹார்டு போட்டால் விமானத்தின் மேற்பகுதி கரிபிடித்ததுபோல் ஆகிவிடும். ஊருக்குள் எடுக்க, கருமை மெல்ல மெல்லத் தெளியும் சாஃப்ட்தான் சரி. ஆனால் லென்ஸையும் பாருங்கள்: டெலி லென்ஸ் ஃபில்டரின் சிறு பகுதியை மட்டுமே பார்ப்பதால் சாஃப்டின் மாற்றம் படத்தில் தெரியாமலே போகலாம். 16 மி.மீ. அகலக் கோணத்தில் அது முழுதாகத் தெரியும்.

நம்பிக்கை: இப்போது எல்லாம் மென்பொருளில் முடியும், ஃபில்டர் பழங்கதை.

உண்மை: பாதி உண்மை. ஸ்லைடு ஃபிலிம் காலத்தில் கேலன் ரோவெல் போன்ற மலைப் படக்காரர்களுக்கு வேறு வழியில்லை. அவர் பெயரிலேயே சிங்-ரே நிறுவனம் இந்த ஃபில்டர்களை விற்றது. இன்றைய சென்சார்கள் நிழலை நன்றாக மீட்கின்றன. ஆனால் முற்றிலும் வெளுத்துப்போன மேகத்தை எந்த மென்பொருளும் மீட்காது. பல எக்ஸ்போஷர்களை இணைக்கலாம்தான். காற்றில் ஆடும் தென்னையும் ஓடும் வண்டிகளும் அதில் இரட்டை உருவமாகும்.

நம்பிக்கை: லென்ஸில் திருகும் வட்ட ஃபில்டரே போதும்.

உண்மை: அதில் பிரிகோடு நடுவிலேயே நிலைத்துவிடும். வானம் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வரும் படத்துக்கு என்ன செய்வீர்கள்? ஹோல்டரில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய செவ்வகச் சட்டம் வாங்குங்கள்.

முதல் ஃபில்டர் ஒன்றே ஒன்றுதான் என்றால், 100 மி.மீ. அகலத்தில் 0.6 சாஃப்ட். பணம் தருமுன் கடையிலேயே வெள்ளைச் சுவரை அது இருந்தும் இல்லாமலும் எடுத்துப் பாருங்கள். கறுத்த பகுதியில் சிவப்போ ஊதாவோ ஏறினால் வாங்காதீர்கள்.