சிறுகடன் வழங்குவோருக்குக் களப் பயிற்சி

விதை, உரம், நீர் ஆகியவற்றைப் போலவே காலத்தில் கிடைக்கும் கடனும் விவசாயத்திற்கு இன்றியமையாதது. இன்று சுய உதவிக் குழுக்கள் வழியாகச் சிறுகடன் ஊரிலேயே கிடைக்கிறது. இதைக் கையாளும் குழு ஊக்குநர், பிரதிநிதி, கணக்கு எழுதுபவர், வங்கிப் பணியாளர் ஆகியோருக்கு வகுப்பறைப் பாடம் மட்டும் போதாது. கடன் பெறுபவரின் நிலத்தையும், அவருக்குப் பணம் வரும் மாதத்தையும் நேரில் அறிந்தால்தான் தவணையைச் சரியாக நிர்ணயிக்க இயலும்.

முன் அனுபவம்

பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கப்பட்டன. பின்னர் இத்திட்டம் சேலம், தென்னாற்காடு முதலிய மாவட்டங்களுக்கும் விரிந்தது. கள்ளக்குறிச்சி அப்போது தென்னாற்காட்டைச் சேர்ந்திருந்தது. 1992இல் நபார்டு வங்கி, 500 குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது.

செய்து கற்றல் என்ற முறை விவசாயிகளுக்குப் புதிதன்று. 1974இல் புதுச்சேரியில் தொடங்கப்பெற்ற நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் இம்முறையையே அடிப்படையாகக் கொண்டது. நடவு கற்பவர் சேற்றில் இறங்குவதுபோல், கடன் பணி கற்பவர் ஊருக்குள் செல்லவேண்டும்.

எங்கே செல்வது?

2019இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி இப்பயிற்சிக்கு ஏற்ற இடமாகும். சமவெளியில் நெல்லும் கரும்பும் பாசனத்தில் விளைகின்றன. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன் மலை வட்டத்தில் சாமையும் மரவள்ளியும் மானாவாரியில் பயிராகின்றன. சமவெளியில் ஒரு குழு, மலையில் ஒரு குழு என இரண்டையும் பார்த்தால் வேறுபாடு எளிதில் விளங்கும்.

களத்தில் செய்ய வேண்டியவை

1. கூட்டத்தில் அமர்தல்: குழு கூடும் நேரத்திற்கே செல்லவேண்டும். கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்கு ஆகிய ஐந்தும் ஒழுங்காக நடைபெறுகின்றனவா எனக் கவனிக்கவும். ஒருவரது கடன் விவரத்தைப் பிறர் முன்னிலையில் கேட்டல் கூடாது. கடன் வாங்கித் தருவதாக வாக்குறுதியும் அளித்தல் கூடாது.

2. கணக்கைச் சரிபார்த்தல்: தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், கடன் பேரேடு, உறுப்பினரின் பாஸ் புத்தகம் ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும். கையிருப்புப் பணத்தையும் எண்ணிப் பார்க்கவும்.

3. வட்டியைக் கணக்கிடுதல்: ஒருவர் மாதம் 1 சதவீத வட்டியில் 12,000 ரூபாய் பெற்று, மாதம் 1,000 ரூபாய் வீதம் 12 மாதங்களில் அசலைத் திருப்புவதாகக் கொள்வோம். குறைந்துவரும் நிலுவைக்கு மட்டும் வட்டி கணக்கிட்டால் மொத்த வட்டி 780 ரூபாய். முழுத் தொகைக்கும் கடைசிவரை கணக்கிட்டால் 1,440 ரூபாய். வட்டி விகிதம் ஒன்றே. ஆனால் சுமை ஏறத்தாழ இருமடங்கு. பயிற்சி பெறுபவர் இக்கணக்கை உறுப்பினர் எதிரிலேயே போட்டுக் காட்டவேண்டும்.

4. நிலத்தைப் பார்த்தல்: இதுவே முக்கியமான பாடம். கறவை மாடு வைத்திருப்பவருக்குப் பால் பணம் தொடர்ந்து வரும். மாதத் தவணை அவருக்குப் பொருந்தும். மரவள்ளி பயிரிட்டவரின் நிலை வேறு. வைகாசியில் நட்டால் மாசி, பங்குனி வாக்கில்தான் கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குச் செல்லும். அங்கும் மாவுச் சத்துப் புள்ளியைப் பொறுத்தே விலை. இவரிடம் ஆனி மாதமே அசல் தவணை கேட்டால், வெளியில் கூடுதல் வட்டிக்குக் கடன் வாங்கித்தான் குழுவுக்குச் செலுத்துவார். ஏட்டில் அவர் ஒழுங்காகத் திருப்புபவர். வீட்டில் இரட்டைக் கடனாளி. முன்பணம் பெற்றுக்கொண்டு வெளியூர் வேலைக்குச் செல்லும் நிலையும் இவ்வாறே ஏற்படுகிறது.

இதற்கு வழி உண்டு. மாதந்தோறும் வட்டி 120 ரூபாயை மட்டும் பெற்று, அசலைக் கிழங்கு விற்றபின் வாங்கலாம். பத்து மாதத்திற்கு வட்டி 1,200 ரூபாய் ஆகும். மாதத் தவணையைவிட இது கூடுதலே. எனினும் வெளிக் கடன் தேவைப்படாது. சாமையும் பயிரிட்டிருந்தால், அறுவடைக்குப் பின் அசலில் ஒரு பகுதியைச் செலுத்தி வட்டியைக் குறைக்கலாம். எது ஏற்றது என்பதை உறுப்பினருடன் கலந்து பேசி முடிவு செய்தல் நலம்.

குழுக்கள் கவனிக்க

பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு குடும்பத்தின் பன்னிரு மாத வரவு செலவை எழுதி, அதற்கேற்ற தவணை அட்டவணையைத் தயாரித்துக் குழுவிடம் காட்டவேண்டும். குழுவினர் அதைத் திருத்துவர். அத்திருத்தமே சிறந்த பாடம்.

விவசாயப் பெருமக்களே! உங்கள் குழுவுக்கு வரும் பணியாளரைக் கூட்டத்தோடு அனுப்பிவிடாதீர்கள். உங்கள் நிலத்திற்கும் அழைத்துச் செல்லுங்கள். அடுத்த கடனுக்குத் தீர்மானம் எழுதும்போது, தொகையுடன் பயிரின் பெயரையும் அறுவடை மாதத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அறுவடையை ஒட்டித் தவணை அமைந்தால் கடனும் அடையும், நிலமும் உங்கள் கையில் இருக்கும்.